அம்மாவின் சங்கிலியும் நாட்டின் தங்கமும்

2024-ஆம் ஆண்டு மே மாத இறுதியில் செய்தித்தாளில் ஒரு செய்தியைப் படித்தேன். இங்கிலாந்தில் வைக்கப்பட்டிருந்த நமது தங்கத்தில் 100 டன்னை ரிசர்வ் வங்கி தாயகத்துக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டதாம். 1991-ஆம் ஆண்டில் கடனுக்கு ஈடாகத் தங்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்பிய நாடு இன்று தன் தங்கத்தைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் நிலைக்கு உயர்ந்துவிட்டது என்று, நான் பணிபுரிந்த பள்ளியில் ஆசிரியர் பலரும் பெருமிதத்தோடு பேசிக்கொண்டனர். நானும் மகிழ்ந்தேன். ஆயினும் அச்செய்தியைப் படித்ததும் என் கண்முன் வந்து நின்றது என் தாயாரின் வெறுங்கழுத்துத்தான். அதைப் பற்றி எழுத வேண்டும் என்று பல நாள் எண்ணியும் கை எழவில்லை. அவர் கண்மூடி ஐந்து ஆண்டுகள் ஆனபின் இப்போது எழுதுகிறேன்.

எங்கள் ஊர் சோழவந்தானுக்கு அருகில், வைகைப் பாசனத்தில் அமைந்த ஒரு சிற்றூர். ஒரு பக்கம் வெற்றிலைக் கொடிக்கால், மறுபக்கம் தென்னந்தோப்பு, நடுவே நெல்வயல். என் தந்தையார் ஒன்றரை ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்குப் பயிரிட்டு வந்தார். எழுத்து ஏதும் இல்லாத வாய்மொழிக் குத்தகை. அறுவடையில் குத்தகை நெல்லை அளந்தது போக எஞ்சியது எங்களுடையது. சித்தப்பா குவைத்தில் லாரி ஓட்டினார். அவர் அனுப்பிய பணத்தில்தான் நான் மதுரையில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் படிக்கச் சேர்ந்தேன்.

1990-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள் ஈராக்கின் படை குவைத்துக்குள் புகுந்தது. அங்கிருந்த நம்மவர் ஏறக்குறைய 1,70,000 பேரை ஜோர்தான் நாட்டின் அம்மான் நகர் வழியாக விமானங்களில் ஏற்றி இந்திய அரசு தாயகம் சேர்த்தது. அவர்களுள் ஒருவராகச் சித்தப்பாவும் வந்து சேர்ந்தார். கையில் ஒரு பை. அதனுள் இரண்டு சட்டைகளும் ஒரு செபமாலையும். உயிரோடு வந்தாரே என்று வீட்டில் எல்லோரும் நன்றி சொன்னோம். ஆனால் மாதந்தோறும் வந்துகொண்டிருந்த தபால் நின்றுபோயிற்று.

எங்கள் வீட்டில் நின்றுபோன அந்தத் தபால், நாடு முழுவதிலும் பல இலட்சம் வீடுகளில் நின்றுபோயிருந்தது என்பதைக் கல்லூரியில்தான் அறிந்தேன். எங்கள் பேராசிரியர் கரும்பலகையில் இரண்டு கோடுகள் கிழித்து விளக்கினார். ஒரு பக்கம், நாடு வெளியிலிருந்து வாங்கும் பொருள்கள். அவற்றுள் பெரியது கச்சா எண்ணெய். வளைகுடாப் போரால் அதன் விலை ஏறிவிட்டது. மறுபக்கம், நாட்டுக்கு வரும் அந்நியச் செலாவணி. வளைகுடாவில் உழைத்தவர்கள் அனுப்பிய பணம் சுருங்கிவிட்டது. இவற்றுக்கும் முன்பே, பல ஆண்டுகளாக வரவை மீறிச் செலவு செய்து, வெளிநாடுகளில் குறுகிய காலக் கடனும் வாங்கியிருந்தோம். அந்த ஆண்டில் அரசும் நிலையாக இல்லை. கடன் கொடுத்தவர்கள் அஞ்சித் தங்கள் பணத்தைத் திரும்பப் பெறத் தொடங்கினர். 1991 ஜனவரியில் நாட்டின் கையிருப்பு ஏறத்தாழ 120 கோடி டாலராகக் குறைந்தது. மூன்று வார இறக்குமதிக்கே அது போதுமா என்ற நிலை.

தவணை தவறினால் நாட்டின் பெயர் கெட்டுவிடும். ஆகவே 1991 மே மாதம், கடத்தல்காரர்களிடம் பறிமுதல் செய்யப்பட்டிருந்த தங்கத்தில் 20 டன், திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமையோடு சுவிட்சர்லாந்து வங்கி ஒன்றுக்கு விற்கப்பட்டது. ஜூலையில் ரிசர்வ் வங்கியின் சொந்தத் தங்கத்தில் ஏறக்குறைய 47 டன், பம்பாயிலிருந்து விமானங்களில் இங்கிலாந்து வங்கிக்கு அனுப்பப்பட்டது. அதன் பேரில் கிடைத்த கடன் 40 கோடி டாலர் அளவு. அப்போது ரிசர்வ் வங்கியின் ஆளுநராக இருந்தவர் நாகர்கோவிலில் பிறந்த எஸ். வெங்கிடரமணன். அதே ஜூலை 1-ஆம் நாளும் 3-ஆம் நாளும் ரூபாயின் மதிப்பு இரு படிகளாகக் குறைக்கப்பட்டது. 21 ரூபாய்க்குக் கிடைத்த டாலருக்கு ஏறக்குறைய 26 ரூபாய் கொடுக்க வேண்டியதாயிற்று.

கற்றதை வீட்டில் சொல்லிக் காட்டும் ஆர்வம் அந்த வயதில் எனக்கு மிகுதி. ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போயிருந்தபோது, அடுப்படியில் அமர்ந்து இவற்றையெல்லாம் அம்மாவிடம் விளக்கினேன். அவர் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே கேட்டிருந்தார்.

“அப்படின்னா நாடும் நம்மள மாதிரித்தானாய்யா?” என்றார்.

“ஆமாம்மா, நகையை அடகு வைக்கிற மாதிரித்தான்.”

“மீட்க வழி பாத்துக்கிட்டுத்தானே வச்சிருப்பாக? வழி பாக்காம நகையை வைக்கக் கூடாது.”

நான் சிரித்தேன். இன்னும் சில நாள்களில் அவரே ஒரு வழியைப் பார்த்துக்கொண்டு நகையை வைக்கப் போகிறார் என்பதும், அந்த வழியில் குறுக்கே நிற்கப் போகிறவன் நானே என்பதும் அன்று எனக்குத் தெரியாது.

ஜூலை 24-ஆம் நாள், அப்போதைய நிதி அமைச்சர் டாக்டர் மன்மோகன் சிங் தம் முதல் வரவு செலவுத் திட்டத்தை நாடாளுமன்றத்தில் படித்தார். உரத்தின் விலை நூற்றுக்கு 40 உயரும் என்றும், பெட்ரோலும் சமையல் எரிவாயுவும் நூற்றுக்கு 20 உயரும் என்றும், நியாய விலைக் கடைச் சர்க்கரைக்குத் தந்துவந்த மானியம் நிற்கும் என்றும் அறிவித்தார். வீட்டுக்கு எரிக்கும் மண்ணெண்ணெயின் விலையைச் சற்றுக் குறைத்தார் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். உழவர்களின் எதிர்ப்பால் உர விலை உயர்வு ஆகஸ்டில் நூற்றுக்கு 30 எனக் குறைக்கப்பட்டது. சிறு குறு விவசாயிகளுக்கு விலக்கும் அறிவிக்கப்பட்டது. ஆயினும் டன் 2,350 ரூபாயாக இருந்த யூரியா 3,060 ரூபாய் ஆயிற்று. என் தந்தையாரைவிடச் சிறிய விவசாயி எங்கள் ஊரில் அதிகம் பேர் இல்லை. ஆனால் தாம் சிறு விவசாயி என்று காட்ட அவரிடம் பட்டாவும் இல்லை, குத்தகைச் சீட்டும் இல்லை. விலக்கு எங்கள் வயலுக்கு வரவில்லை.

நாற்று வளர்ந்து நடவுக்குக் காத்திருந்தது. உழவுக் கூலி, நடவுக் கூலி, உரம், என் கல்லூரிக் கட்டணம் எல்லாம் ஒரே வாரத்தில் வந்து நின்றன. வரவு செலவுத் திட்டத்தை அடுத்த சனிக்கிழமை அம்மா தம் கழுத்திலிருந்த மூன்று பவுன் சங்கிலியைக் கழற்றினார். சங்கிலியில் கோத்திருந்த சிலுவைத் தாலியை ஒரு மஞ்சள் கயிற்றில் கட்டிக்கொண்டார். தந்தையார் வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். உள்ளூரில் வைத்தால் நாலு பேர் அறிவார்கள் என்று, என்னை அழைத்துக்கொண்டு மதுரைக்குப் பேருந்து ஏறினார். நகரில் ஓர் அடகுக் கடையில் சங்கிலியை வைத்தோம். கிடைத்தது 5,000 ரூபாய். மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி. ஓர் ஆண்டும் ஏழு நாளும் தவணை. அதற்குள் மீட்கவேண்டும், இல்லையேல் வட்டியைக் கட்டி மாற்றி வைக்கவேண்டும். அதுவும் தவறினால் நகை மூழ்கிவிடும்.

சீட்டை என் கையில் கொடுத்து அம்மா சொன்னார்: “நீதான் டவுன்ல இருக்க. மூணு மாசத்துக்கு ஒருக்கா வட்டி தாரேன், கட்டிரு. அப்பாகிட்டச் சொல்ல வேணாம், அவருக்குத் தாங்காது.”

அவர் பார்த்த வழி இதுதான்: காலாண்டுக்கு 300 ரூபாயைத் தாமே தேடி வட்டி கட்டுவது, அறுவடை நெல்லில் முதலை மீட்பது. அந்த 300 ரூபாயை அவர் தேடிய விதத்தை நான் விடுமுறைகளில் கண்டேன். நாள்தோறும் போட்ட காபி ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்றாயிற்று. சர்க்கரை போய் வெல்லம் வந்தது. பகலெல்லாம் வயலில் நின்றவர், இரவில் என் தங்கையோடு சிம்னி விளக்கடியில் அமர்ந்து கூலிக்கு மல்லிகைப்பூத் தொடுத்தார். தலைவாசலில் பூ மணக்கும். அந்த மணம் எவ்வளவு உழைப்பின் மணம் என்பதை நான் அப்போது எண்ணிப் பார்த்ததில்லை.

அக்டோபரில் வட்டியைக் கட்டினேன். தைப் பொங்கலுக்குப் பின்னும் கட்டினேன். அறுவடை ஆயிற்று; ஆனால் குத்தகையும் உரக் கடனும் போக, முதலை மீட்க நெல் மிஞ்சவில்லை. 1992 ஏப்ரலில் அம்மா மூன்றாவது முறையாக 300 ரூபாய் கொடுத்தனுப்பினார். நான் விடுதிக்குத் திரும்பியபோது அறிவிப்புப் பலகையில் என் பெயர் இருந்தது. அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் ஏறியதால் விடுதி உணவுக் கட்டணமும் மாதாமாதம் ஏறிக்கொண்டே வந்திருந்தது. முந்தைய ஆகஸ்டில் நாட்டின் விலைவாசி உயர்வு நூற்றுக்கு ஏறக்குறைய 17-ஐ எட்டியது என்று நான் தேர்வுக்குப் படித்த அதே கணக்குத்தான் அந்தப் பலகையில் என் பெயருக்கு எதிரே பாக்கியாக எழுதப்பட்டிருந்தது. பாக்கியைச் செலுத்தினால்தான் தேர்வு நுழைவுச் சீட்டு. வீட்டில் கேட்க நாவெழவில்லை. அம்மாவின் 300 ரூபாயை விடுதியில் செலுத்தினேன். அடுத்த முறை சேர்த்துக் கட்டிவிடலாம் என்று என்னையே தேற்றிக்கொண்டேன். அம்மாவிடம் “கட்டிட்டேன்” என்று சொன்னேன்.

ஜூலையில் மீண்டும் 300 கொடுத்து, “தவணை முடியப் போகுது, மாத்தி வச்சிட்டு வாய்யா” என்றார். கடைக்குப் போனேன். முந்தைய பாக்கியும் சேர்த்து 600 கட்டினால்தான் மாற்றி எழுத முடியும் என்றார்கள். கையில் 300. படி இறங்கி வந்துவிட்டேன். ஊருக்குச் சென்று உண்மையைச் சொல்லியிருந்தால் அம்மா யாரிடமேனும் கைமாற்று வாங்கியாவது தந்திருப்பார். சொல்லவில்லை. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து 300 சேர்க்கலாம் என்று இருந்தேன். அது சேர்வதற்குள் ஆகஸ்டு கடந்தது. அக்டோபரில் பணத்தோடு போய்ச் சீட்டை நீட்டினேன். கடைக்காரர் பேரேட்டைப் புரட்டி, “மூழ்கிப் போச்சே தம்பி” என்றார். அவர் குரலில் கடுமை கூட இல்லை. அவருக்கு அது அன்றைய பத்து நகைகளுள் ஒன்று.

அம்மாவிடம் பாதி உண்மை சொன்னேன். தவணை முடிந்துவிட்டது, கடையில் பொறுக்கவில்லை என்றேன். அவர் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். “சரி, போகட்டும். சாப்பிடு” என்றார். அவ்வளவே.

அந்த ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்தபோது இதைச் சொன்னேன். முதிய குருவானவர் கேட்டார்: “அம்மாவிடம் சொன்னாயா?” இல்லை என்றேன். “பொருளைத் திருப்பிக் கொடுக்க இன்று உனக்கு வழியில்லை. உண்மையையாவது திருப்பிக் கொடு” என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். ஆனால் திருப்பிக் கொடுக்கவில்லை.

நாடு வெளிநாட்டில் ஈடாக வைத்த தங்கத்தின் மேலிருந்த கடனைச் சில மாதங்களிலேயே அடைத்துவிட்டது. தங்கம் அங்கேயே இருந்தாலும் அது நம்முடையதாயிற்று. 1994 மார்ச்சில் கையிருப்பு 1,900 கோடி டாலரைக் கடந்தது. 2009-ஆம் ஆண்டில் பன்னாட்டு நிதியத்திடமிருந்து 200 டன் தங்கத்தை நாமே விலைக்கு வாங்கினோம். அன்று எடுக்கப்பட்ட முடிவுகள் தவறு என்று வாதிட நான் இதை எழுதவில்லை. அவற்றால் பின்னாளில் வேலை பெற்றவர்களும், வீடு கட்டியவர்களும் எங்கள் ஊரிலேயே உண்டு. நானும் ஆசிரியரானேன், தங்கையின் திருமணம் நடந்தது, சித்தப்பா சொந்தமாக ஒரு வண்டி வாங்கினார். ஆனால் அம்மா மஞ்சள் கயிற்றை மாற்றவில்லை. என் சம்பளத்தில் சங்கிலி வாங்கித் தருகிறேன் என்று இருமுறை தெற்காவணி மூல வீதிக்கு அழைத்தேன். “பேத்திக்கு வாங்கு” என்று மறுத்துவிட்டார். மறுத்ததில் எனக்கு ஒரு வகையில் நிம்மதி என்பதையும் வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பேச்சை எடுத்தால் வேறு பேச்சும் வந்துவிடுமோ என்ற அச்சம் எனக்கு.

பேச்சு வந்தது, இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து. 2016 நவம்பர் 8-ஆம் நாள் இரவு, 500 ரூபாய், 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லா என்று அறிவிக்கப்பட்டது. நாட்டில் புழங்கிய பணத்தின் மதிப்பில் நூற்றுக்கு 86 பங்கு அந்த இரு தாள்களே. அந்த வாரம் நான் ஊருக்குச் சென்றபோது, அம்மா அடுக்குப் பானையின் அடியிலிருந்து ஒரு பழைய பால்மாவு டப்பாவை எடுத்து வந்தார். உள்ளே இருபத்து மூன்று ஐந்நூறு ரூபாய்த் தாள்கள். முட்டை விற்றும் பூத்தொடுத்தும், கடைக்குப் போனால் மிச்சம் பிடித்தும் சேர்த்த சிறுவாட்டுப் பணம். நம் வீட்டுப் பெண்களின் சிறுவாடு கணவருக்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது. அது தெரியாமல் இருப்பதில்தான் அதன் பலம். வீட்டுக்கு ஒரு முடை வரும்போது எங்கிருந்தோ வந்தது போல வெளியே வரும். ஓர் இரவில் அந்த மறைவு நாடெங்கும் கலைந்துபோயிற்று.

“இது எதுக்கும்மா சேர்த்தீங்க?” என்றேன்.

“ஒரு சங்கிலிக்குத்தான். எனக்கில்ல, பேத்திக்கு. என் கையால போடணும்னு ஒரு ஆசை” என்றார். பின்பு டப்பாவை என் கையில் வைத்து, என் முகத்தைப் பார்த்து, மெல்லிய புன்னகையோடு சொன்னார்:

“இதையாவது கட்டிட்டு வந்துருவேல்ல, ஐயா?”

என் கை நடுங்கிற்று. அவருக்குத் தெரிந்திருக்கிறது. 1992-லேயே ஒரு நாள் தனியே பேருந்து ஏறி அந்தக் கடைக்குப் போய்க் கேட்டிருக்கிறார். நான் ஏப்ரலில் கட்டவில்லை என்பதையும், ஜூலையில் வந்து படி இறங்கிப் போனதையும் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். இருபத்து நான்கு ஆண்டுகள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“ஏம்மா அப்பவே கேக்கல?”

“கேட்டா படிப்ப விட்டுட்டு வந்துருவ. நீ அந்தக் காசத் தின்னுட்டாப் போன? சோத்துக்குத்தானே கட்டுன” என்றார்.

அன்றுதான் எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன். அவர் தம் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, “வரிசை நீளமாம், காலையிலேயே போ” என்றார்.

வங்கி வாசலில் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் நின்றேன். எனக்கு முன்னும் பின்னும் நின்றவர்களுள் பெண்கள் பலர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு டப்பா, ஒரு சுருக்குப்பை, ஒரு முடிச்சு. அம்மாவின் கணக்கில் 11,500 ரூபாயைக் கட்டி, முத்திரை விழுந்த சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, செபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். அன்றைய விலைக்கு அத்தனை ஆண்டுச் சிறுவாடும் அரைப் பவுனுக்குத்தான் காணும். செல்லாது என்று அறிவித்த தாள்களில் நூற்றுக்கு 99.3 பங்கு திரும்பி வந்துவிட்டதாக ரிசர்வ் வங்கி 2018-இல் கணக்குச் சொல்லிற்று. அந்தக் கணக்கில் அம்மாவின் இருபத்து மூன்று தாள்களும் உண்டு. ஆனால் அவருடைய பால்மாவு டப்பாவுக்குள் மீண்டும் பணம் சேரவில்லை. “எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு, இனி எதுக்கு” என்று அதில் கடுகு கொட்டி வைத்தார்.

நான் முப்பது ஆண்டுகளாக மாணவர்க்குப் பொருளாதாரம் கற்பித்து வருகிறேன். 1991-ஐப் பற்றிக் கற்பிக்கும்போது, நெருக்கடி எப்போது தொடங்கிற்று, எப்போது தீர்ந்தது என்று நாள் குறித்துச் சொல்லமுடியும். நாட்டின் பேரேட்டில் அதற்குத் தேதி உண்டு. வீட்டின் பேரேட்டில் அந்தத் தேதி வேறு. சில வீடுகளில் அது வரவே வருவதில்லை. விலை ஏறும்போது அதன் முதற்பங்கை யார் கட்டுகிறார்கள் என்று பார்த்தால், பெரும்பாலும் அடுப்படியில் நிற்பவரே கட்டுகிறார். அதுவும் ஓசையின்றிக் கட்டுகிறார். இரண்டு நியாயமான கடன்களுக்கு நடுவே ஒரே ஒரு 300 ரூபாயைக் கொடுத்து, எதைக் கட்டுவாய் என்று நெருக்கடி நம்மைக் கேட்கிறது. எதைக் கட்டினாலும் ஒருவருக்குக் கடன்பட்டவராகிறோம். நான் கட்டிய கடனைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. கட்டாததை மறைத்ததே என் பிழை. நான் மறைத்ததைத் தெரிந்துகொண்டே பொறுத்த ஒருவரால்தான் என் படிப்பு நிறைவேறிற்று.

அம்மா 2019-இல் இறந்தார். அடக்கத்துக்குப் பின் அவருடைய செபப் புத்தகத்தைத் திறந்தபோது அந்த வங்கிச் சீட்டு மடிப்புக் கலையாமல் இருந்தது. என் பெட்டியின் அடியில் இத்தனை ஆண்டுகள் கிடந்த அடகுச் சீட்டை எடுத்து வந்து அதன் பக்கத்தில் வைத்தேன். மறு ஆண்டு என் தங்கை மகளுக்குத் திருமணம் நடந்தபோது, அம்மாவின் கணக்கில் இருந்த பணத்தோடு என் பணத்தையும் சேர்த்து மூன்று பவுனில் சங்கிலி வாங்கிப் போட்டோம். பாட்டி போட்டது என்று சொல்லித்தான் போட்டோம்.

இதைப் படிக்கும் இல்லத்தாருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் மூத்தவர்கள் இருப்பார்கள். 1991-இல் என்ன செய்தீர்கள், 2016-இல் என்ன செய்தீர்கள், பெருந்தொற்றால் 2020-இல் வேலை நின்றபோது அடுப்பு எப்படி எரிந்தது என்று ஒரு மாலை உட்கார்ந்து கேளுங்கள். முதலில் “என்னத்தச் சொல்ல” என்பார்கள். சற்றுப் பொறுத்திருங்கள், சொல்வார்கள். அவர்களுக்கு நீங்கள் ஏதேனும் சொல்லவேண்டியிருந்தால், அதையும் அன்றே சொல்லிவிடுங்கள். நான் இருபத்து நான்கு ஆண்டுகள் காத்திருந்தது போல நீங்கள் காத்திருக்க வேண்டாம்.